இருபத்தாறு டிகிரி

சனிக்கிழமை காலை நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஐரேன் மடிக்கணினிப் பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் கூடை நிறைய வாத்து முட்டையோடு ஒரு அம்மாள் தூங்கித் தூங்கி இவள் தோளில் விழுந்துகொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஐரேனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். இன்றைக்கு நினைப்பெல்லாம் புருஷன் இக்னாஸ் மேலேயே இருந்தது.

மூன்று வாரமாக அந்த மனிதரை அவள் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை. சரக்குக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இக்னாஸ் குச்சியில் ஒரு ஆர்க்கிட் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தார். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் ஏழரைக்கெல்லாம் அங்கே நிற்பார். கொட்டகையின் வெப்பத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்துவைக்க ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தார். நள்ளிரவில் ஆரம்பித்து மறு நள்ளிரவு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு கோப்பு. அதைப் படிக்கிற பத்து வரி கம்ப்யூட்டர் நிரலையும் தாமே எழுதினார். சும்மா எழுதவில்லை, நகரத்தில் பூ மி ஹங் பேட்டையில் பெண்டாட்டி வேலை பார்க்கும் கம்பெனியின் நிரல் கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுதினார். அந்தக் கையேட்டை எழுதினவளே ஐரேன்தான். காரைக்காலில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள், கல்யாணமாகிக் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து, கம்ப்யூட்டர் புத்தகம் எழுதுகிறவளாக ஆகிப்போனாள்.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் தினம் ஒரு கோளாறு. விவரம் காலை எட்டு மணி வாக்கில் நின்றுபோகும். ஒரு நாள் ஏழே முக்கால், ஒரு நாள் எட்டரை. அதற்கப்புறம் வெறும் சூன்யம். அவர் புலம்பும்போதெல்லாம் ஐரேனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான டைப் பண்ணீங்க?" என்பாள். "ஆயிரம் பேரு அந்தப் புத்தகத்தப் பாத்து எழுதுறான், உங்க ஒருத்தருக்கு மட்டும் வரலியாக்கும்!"

நேற்றுச் சாப்பிடும்போது அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "கொட்டகைய திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன் ஐரேன்" என்றார்.

"ஏங்க, திடீர்னு?"

"அந்தப் பெட்டி சுவிட்ச லைட்டு சுவிட்சுன்னு நெனச்சு நானே அமத்துறேன்போல. நான் உள்ள போற நேரத்துலதான தெனம் நிக்குது? மறுநாள் கோப்பு மறுபடி நள்ளிரவுலேர்ந்து வருதே, அப்ப நானே போட்டும் விடறேன். ரெண்டுமே எனக்கு ஞாபகமில்ல." தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னார்: "அப்பாவுக்கும் இப்புடித்தான ஆரம்பிச்சுது."

மாமனார் கப்ரியேல் கடைசி நாலு வருஷம் மகன் பெயரே தெரியாமல் உட்கார்ந்திருந்ததை ஐரேன் கண்ணால் பார்த்தவள். கேலி பேசின தன் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

கொட்டகையில் இக்னாஸ் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "நீ ஏன் அலையற?" என்றாரே தவிர, வந்ததில் சந்தோஷம் முகத்திலேயே தெரிந்தது. ஓடிப்போய் முக்கில் இருந்த கடையில் கஃபே சுவா டா என்கிற ஐஸ் காப்பி வாங்கி வந்து வைத்தார். பால் தூக்கலாக, ஐஸ் குறைவாக. அவளுக்குப் பிடித்த விதத்தில். இதையெல்லாம் மறக்காத மனிதருக்கா ஞாபகம் போகும் என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டாள்.

பெட்டியிலிருந்த மெமரி அட்டையைத் தன் கணினியில் செருகி, நேற்றைய கோப்பில் அவருடைய நிரலையே ஓட்டினாள். எண்கள் மளமளவென்று இறங்கின. எட்டு மணி, பத்து மணி, மத்தியானம், சாயங்காலம், நள்ளிரவு. மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இங்க வாங்க! பாருங்க! பெட்டி ஒரு நிமிஷங்கூட நிக்கல. நீங்க சுவிட்சத் தொடவே இல்ல!"

இக்னாஸ் குனிந்து பார்த்தார். முகம் தெளியவில்லை. "அப்ப என் கம்ப்யூட்டர்ல ஏன் வரல? நான்தான் எதையோ தப்பா அடிச்சிருக்கேன். ஒண்ணு போனா இன்னொண்ணு."

கொட்டகை மூலையில் இருந்த அவருடைய கணினி பழைய விண்டோஸ். அவளுடையது லினக்ஸ். அதே பத்து வரி, அதே கோப்பு. ஐரேன் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். கால்புள்ளிகூடத் தப்பில்லை. அவர் கணினியில் ஓட்டினால் எட்டு பத்துக்கு நின்றது. முந்தாநாள் கோப்பு எட்டு மணிக்கு. அதற்கு முந்தினது ஏழே முக்காலுக்கு. ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்து நின்ற எண் இருபத்தைந்து. தன் கணினியில் அதற்கு அடுத்த எண் என்ன என்று பார்த்தாள். இருபத்தாறு. இருபத்தொரு நாளையும் பார்த்தாள். இருபத்தொரு நாளும் இருபத்தாறு.

அவளுக்குச் சுருக்கென்றது. விண்டோஸுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. டெக்ஸ்ட் மோடில் ஒரு கோப்பைத் திறந்தால், இருபத்தாறு என்ற எண் வந்த இடத்தில் கோப்பே முடிந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு படிப்பதை நிறுத்திவிடும். பைனரி மோடில் திறந்தால் எல்லா எண்ணும் அதற்கு ஒன்றுதான். லினக்ஸுக்கு இந்தப் பேதமே கிடையாது. விடிந்து வெயில் ஏறிக் கொட்டகை இருபத்தாறு டிகிரிக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து இவரும் உள்ளே நுழைந்தார். அவ்வளவுதான் சங்கதி. நிரலில் பைனரி மோடு என்று மாற்றினாள். அவர் கணினியிலும் இருநூற்று எண்பத்தெட்டும் வந்தன.

"விண்டோஸ் கோளாறா?" என்றார் இக்னாஸ்.

ஆமாம் என்றால் தீர்ந்தது. அவரும் நிம்மதியாகிவிடுவார், அவள் மானமும் பிழைக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் அவள் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். டெக்ஸ்ட் மோடானாலும் பைனரி மோடானாலும் எந்த வித்தியாசமும் இல்லை, எப்படி வேண்டுமானாலும் திறக்கலாம் என்று எத்தனை தைரியமாக எழுதியிருந்தாள்!

"நான் எழுதினது தப்புங்க. என் கம்ப்யூட்டர்ல மட்டும் செஞ்சு பாத்துட்டு, ஊருக்கெல்லாம் சேத்து எழுதிட்டேன். நீங்க அதுல இருந்தபடி அச்சு அசலா செஞ்சிருக்கீங்க."

அவர் அந்தப் பக்கத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கம்பெனியில் ஒரு வழக்கம். கையேட்டில் எந்த வரியைத் திருத்தினாலும் என்ன திருத்தம், ஏன், பிழையைச் சொன்னவர் யார் என்று கீழே குறிக்க வேண்டும். ஐரேன் இத்தனை வருஷமாக எல்லாத் திருத்தத்துக்கும் 'விளக்கம் மேம்படுத்தப்பட்டது' என்றே போட்டு வந்திருக்கிறாள். தப்பு என்ற சொல்லை அந்தப் பட்டியலில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பூந்தொட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து இப்போது இங்கிலீஷில் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு தடவை நிறுத்தினாள்.

இக்னாஸ் குழாயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். "என்ன எழுதுற? தமிழ்ல சொல்லு."

"'முந்தைய வாக்கியம் தவறு. விண்டோஸில் எண்களை வைத்திருக்கும் கோப்பை பைனரி மோடில்தான் திறக்க வேண்டும். சோதிக்காமல் எழுதியது என் பிழை. கையேட்டின்படி நடந்தவர் செய்ததில் எந்தப் பிழையும் இல்லை. பிழையைச் சொன்னவர்: இக்னாஸ், குச்சி.'"

"நான் எங்க சொன்னேன்?"

"மூணு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தது யாராம்? நான்தான் காதுல வாங்கல."

அவர் இன்னும் கிட்டே வந்தார். "கையேட்டின்படின்னு ஏதோ வந்துச்சே, அத மட்டும் படி" என்றார்.

படித்தாள்.

"இன்னொரு வாட்டி."

இந்தத் தடவை அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இக்னாஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த குழாய் கீழே சாய்ந்து, தண்ணீர் அவர் செருப்பு நிறைய வழிந்து, அவள் காலடிக்கும் வந்துகொண்டிருந்தது.