ஏரிக்காட்டு விறகு

செல்லியம்மாள் புருஷன் பிச்சைமுத்துவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பந்தலில் பேச்சு விறகுக்குத் திரும்பியிருந்தது. யார் வீட்டுச் சாவைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போலத்தான் அது அவள் காதில் விழுந்தது. முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

விடியற்காலையில் பிச்சைமுத்துவுக்கு மாரை அடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடக்கிற நேரம். வடக்கனந்தல் தாண்டியதும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஆளைப் பார்த்ததும் மறித்தவர்களே ஓடிவந்து, மாட்டை அவிழ்த்து, வண்டியை மரத்துக்கு அந்தப்பக்கம் தூக்கி வைத்தார்கள். அடுத்த மரத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது, தூக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

கள்ளக்குறிச்சி விறகுக் கடையிலிருந்து லாரி வர வழியில்லை. சாலையில் கிடப்பது பச்சைப் புளி, எரியாது. வேலிக்காத்தான் முள் சோறு பொங்க ஆகும், ஒரு ஆளை எரிக்க ஆகாது. கல்வராயன் மலைமேல் மழை கறுத்துக்கொண்டு நின்றது. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

மகன் தீனதயாளன் உள்ளே வந்து குனிந்தான். "ஏரிக்காட்ல பட்ட மரம் நெறைய நிக்குதும்மா. ரெண்ட வெட்னா போதும்."

"வேணாம்."

"யாருமா கேக்கப் போறாங்க?"

"அவரு உசிரோட இருக்கச்சே ஒரு குச்சி தொடல. களவாண்ட கட்டையிலயா அவர வேவ வெக்கறது? வேணாம்டா."

வெளிநாட்டு உதவிப் பணத்தில் அரசாங்கம் ஏரிக்குள் கருவேலம் நட்டு வளர்த்த சமூகக் காடு அது. முற்றியதும் வெட்டி விற்று ஊருக்கும் பங்கு கொடுப்பதாகப் பேச்சு. அதுவரை சுள்ளியும் பொறுக்கக் கூடாது. காவலுக்குப் பிச்சைமுத்துவைப் போட்டார்கள். ஒருமுறை ஜீப்பில் வந்த வெள்ளைக்கார அம்மா, இந்தக் காட்டால் உங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கூட வந்த ஆபீசரிடம் சொல்லிச் செல்லியம்மாளைக் கேட்க வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பிச்சைமுத்து, "நெழலுங்க" என்று சொல்லிவிட்டார்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று ஊர் பேசியது. அந்த மனுஷன் நக்கவில்லை. முறிந்து விழுந்த கிளை ஒன்றை அவள் தூக்கி வந்தபோது, அதைத் தானே தோளில் சுமந்துபோய் விழுந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தார். அவள் ஆக்கிப் போட்டதெல்லாம் கரும்புச் சோகையில்தான். ஊதி ஊதிக் கண் போனதுதான் மிச்சம். அதற்காக அவரை அவள் ஏசாத நாளில்லை. உள்ளுக்குள் அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பங்காளி அய்யனார்தான் வழி சொன்னார். முன்பெல்லாம் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒரு கட்டை கொடுப்பது ஊர் வழக்கம், விறகுக் கடை வந்த பிறகு விட்டுப்போனது, இன்றைக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். செல்லியம்மாள் தலையாட்டினாள். நல்ல விதமாகப் போய்ச் சேருவார் என்று மனசுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

கட்டை வாங்கப் போன வண்டி தெருவைச் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தபோது அவள் வெளியே வந்து பார்த்தாள்.

கருவேலம். அடியிலிருந்து மேல்வரை கருவேலம். அந்த ஊரில் ஏரிக்குள் தவிர வேறெங்கும் இல்லாத மரம். வைக்கோல் போருக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்து நன்றாகக் காய்ந்தவை. சிலவற்றில் ஆபீசர்கள் அடித்த வெள்ளைப் பெயிண்ட் வளையம் அப்படியே இருந்தது. பூசாரி வீடு, பிரசிடெண்ட் வீடு, எதிர்வீட்டுத் தங்கமணி வீடு. ஒரு வீடும் பாக்கியில்லை. டார்ச் லைட்டோடு ராவெல்லாம் சுற்றிவிட்டு வந்து, ஒரு கிளைகூடப் போகவில்லை என்று சொல்லிப் படுப்பாரே, அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. கோபம் வந்திருந்தாலும் தேவலாம். அதுவும் வரவில்லை.

"பத்தலன்னா சொல்லுங்க அண்ணி," என்றார் அய்யனார். "வூட்ல இன்னும் கெடக்குது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. தீனதயாளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா இறக்கச் சொன்னால் இறக்கிவிடுவான்.

செல்லியம்மாள் வண்டியைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தாள். இருப்பதிலேயே பருமனான ஒன்றின்மேல் கையை வைத்தாள்.

"இத நெஞ்சு மேல வை," என்றாள் மகனிடம். "இல்லன்னா ஏந்து ஒக்காந்துக்குவாரு."

கையில் ஒட்டிய பட்டைத் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் ஒதுங்கி நின்றாள். வண்டிக்காரர் மாடுகளைத் தட்டினார். பாரம் ஜாஸ்தி. முதல் இழுப்பில் வண்டி நகரவில்லை.