ஈயத்துக்குப் பேன் பார்ப்பவள்

அந்த வீட்டுக் கொல்லைக்குள் தண்ணீரோடு யாரும் நுழைய முடியாது. குடிக்கிற சொம்பைக் கையில் வைத்திருந்தாலும் சரி, குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாலும் சரி, படியிலேயே நிறுத்திவிடுவாள் அந்த வீட்டுக்காரி. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒரு நாள் துணி அலசிய கையை உதறிக்கொண்டே எதையோ கேட்க வந்தாள். "அங்கயே நில்லு. கையைத் துடைச்சுட்டுப் பேசு" என்று ஒரு அதட்டல். தையல்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சும்மா இருப்பாளா? அன்றைக்கே தெரு முழுக்க அவளுக்கு வறட்டம்மா என்று பேர் வைத்துவிட்டாள். பேர் ஒட்டிக்கொண்டது. வறட்டம்மாவும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இவர்கள் வாய்க்குப் பயந்தா அவள் குடித்தனம் நடத்துகிறாள்?

காரணம் இல்லாமலா அதட்டுவாள்? கொல்லைக் கொட்டகையில் இருப்பது ஈயம் உருக்கும் கேஸ் அடுப்பு. பழைய ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, மீன்வலை நீரில் அமிழக் கட்டும் குண்டு வார்க்கிற வீடு அது. வார்த்துக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். போன மழைக்காலத்தில், சட்டியில் ஈயம் உருகிக் கண்ணாடி போல நிற்கும்போது, போதாதென்று இன்னும் கொஞ்சம் பழைய ஈயத்தை அள்ளிப் போட்டான். டப்பென்று ஒரு சத்தம். சட்டியில் இருந்ததில் பாதி கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. தெறித்த மிச்சம் அவன் முகத்தில். இடது கண் போயிற்று. வலது கண் தப்பியது ஏதோ செய்த புண்ணியம்.

பார்க்க வந்த சொந்தமெல்லாம் ஒரே பாட்டைப் பாடியது: கெட்ட நேரம். அவனும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "வெயில்ல கிடந்த ஈயம்தான் போட்டேன். நானே தொட்டுப் பார்த்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. அப்புறமும் வெடிக்குதுன்னா அது நேரம்தானே?" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொன்னான். வறட்டம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். கட்டோடு கிடக்கிற மனுஷனிடம் என்னவென்று வாதாடுவது?

ஆனால் அவளுக்குத் தெரியும். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, மிச்சம் கிடந்த ஈயத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். பழைய வலைகளிலிருந்து அறுத்தெடுத்தது. ஈயத் தகட்டை வலைக் கயிற்றின்மேல் சுருட்டி, சுத்தியலால் தட்டி இறுக்கியிருப்பார்கள். வெளியே தொட்டால் நன்றாகக் காய்ந்திருந்தது. உளியை வைத்துத் தட்டி ஒரு சுருளை விரித்தாள். உள்ளே அறுந்த கயிற்றின் துண்டு, உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நசநசவென்று இருந்தது. உருகிய ஈயத்துக்கு அடியில் அந்த ஈரம் போய் மாட்டினால் நொடியில் ஆவியாகும். ஆவிக்கு இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் மேலே இருக்கிற ஈயத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும்.

அடுப்பை மூடிவிடு என்றது சொந்தம். "சூடு கண்ட பூனை கூட அடுப்பங்கரைப் பக்கம் போகாது. உனக்கு என்ன வந்துச்சு?"

"பூனைக்கு ஏன் சுட்டுச்சுன்னு தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள்.

அதோடு அடுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு சுருள் விடாமல் உளியால் பிரித்தாள், கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள், தகரத்தின்மேல் பரப்பி அனலில் காயவைத்தாள். பழைய ஈயக் குழாய்த் துண்டு வந்தால் நசுங்கிய முனை இரண்டையும் வெட்டி உள்ளே பார்க்காமல் தொடமாட்டாள். எல்லாவற்றையும் ஆறிய சட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள், மிச்சமீதி ஈரம் இருந்தால் ஈயம் உருகுவதற்கு முன்பே போய்விடட்டும் என்று. உருகிவிட்டதா, அதற்கப்புறம் ஆண்டவனே வந்து ஒரு துண்டு கொடுத்தாலும் உள்ளே போகாது. மழைக்காலத்தில் இரும்பும் வியர்க்கும் என்பதால் கரண்டியையும் அச்சையும்கூட அடுப்போரம் வைத்துச் சுடப்பண்ணிய பிறகுதான் எடுப்பாள். கொட்டகையின் ஒரு பக்கச் சுவரை இடித்துப் புகை போக வழி பண்ணினாள், கூரை ஓட்டைகளை அடைத்தாள். முழங்கை மறைக்கும் தடித்த சட்டை, தோல் கையுறை, மூடின செருப்பு, முகத்துக்கு ஒரு கண்ணாடி மறைப்பு. அந்தக் கோலத்தில் குந்தி உட்கார்ந்து சுருள் பிரிப்பதை மதில் மேலிருந்து பார்த்த தையல்காரி, "ஈயத்துக்குப் பேன் பாக்குறாடி இவ" என்றாள். தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்புக் கேட்டால் புருஷன் எழுந்து ஜன்னலைச் சாத்திக்கொள்வான். வறட்டம்மா பிரிக்கிற ஒவ்வொரு சுருளும் அவனுக்குக் குத்தியது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் முற்பகலில், மழை விட்டதும் விடாததுமாகக் கொழுந்தன் வந்தான். வலைக்கடை வைத்திருப்பவன். பழைய ஈயம் கொண்டுவருவதும் வார்த்த குண்டை வாங்கிப் போவதும் அவன்தான். கால் மிதியில் செருப்பைக் கழற்றி, தலையைத் துவட்டி, அண்ணியின் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டு, ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அண்ணி, படகெல்லாம் நாளைக்கு விடியறப்போ கிளம்புது. சாயங்காலத்துக்குள்ள குண்டு வேணும். சட்டி தயாராத்தானே இருக்கு, அள்ளிப் போடுங்க."

சட்டியில் ஈயம் உருகி நின்றது. வறட்டம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "பிரிச்சுப் பார்த்துட்டு அடுத்த சட்டியில போடுறேன். நாளைக்கு மத்தியானம் வாங்க."

"நாளைக்கு மத்தியானம் படகு நடுக்கடல்ல இருக்கும். நான் என்ன நீந்திப் போயா குண்டு குடுக்கிறது?"

"நீங்க நீந்துவீங்களோ மாட்டீங்களோ, இது உள்ள போகாது தம்பி."

கொழுந்தனுக்குச் சுருக்கென்றது. கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "அண்ணே, உன் பொண்டாட்டி தொழில் பண்றாங்களா, வேடிக்கை காட்டுறாங்களா? நீ அடுப்புல இருந்தப்போ இப்படியா ஆளை நிக்க வெச்சே?"

அது போதும். புருஷன் வந்தான், பனியனோடு, வெறுங்காலோடு. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு சுருளை எடுத்தான், தேய்த்துப் பார்த்தான், கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"காஞ்சுதான் இருக்கு. நகரு, நான் போடுறேன்."

இருப்பது ஒரு கண். அதையும் இந்த மனுஷன் சட்டிக்கு நேராகக் கொண்டுபோய் நீட்டப் பார்க்கிறானே என்று வறட்டம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கேஸைத் திருகி அடுப்பை அணைத்தாள். அனலோரம் சூடேறிக் கிடந்த மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள். பிறகு போய் அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இதை எடுக்கணும்னா முதல்ல என்னைத் தூக்கணும்."

"காஞ்சிருக்குன்னு சொல்றேன்ல. தொட்டுப் பார்த்தேன்."

"போன தடவையும் தொட்டுத்தான் பார்த்தீங்க."

கொழுந்தன் அண்ணன் முகத்தைப் பார்ப்பதா, கூரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றான். கூரையில் இன்னும் அந்தப் பழைய ஈயம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

புருஷன் மெல்லக் கேட்டான். "அப்போ என் கண்ணு போனதுக்கு நான்தான் காரணம்ங்கிற."

இத்தனை நாள் விழுங்கியதை இனியும் விழுங்க அவளுக்குத் தொண்டையில் இடமில்லை.

"ஆமா. நேரம்தான் காரணம்னா நான் என்ன பண்ண முடியும்? நேரத்தை உளி வெச்சுப் பிரிக்க முடியுமா, அனல்ல காயப்போட முடியுமா? ஈயத்தைப் பிரிக்கலாம். நீங்க பண்ணின தப்புன்னா நான் தடுக்கலாம். நீங்க தப்பே பண்ணலைன்னா இன்னொரு கண்ணையும் நான் எப்படிங்க காப்பாத்துறது?"

அவன் கையிலிருந்த சுருளை ஒரு தடவை பார்த்தான், அவளை ஒரு தடவை பார்த்தான். "பிரிச்சுக் காட்டுறேன். ஒண்ணும் இருக்காது" என்று உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, அடுப்பை விட்டுத் தள்ளிப் படியோரக் கல்லில் போய் உட்கார்ந்தான்.

முதல் சுருள் விரிந்தது. உள்ளே காய்ந்த கயிறு, தூசியாய் உதிர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணி" என்றான் கொழுந்தன்.

வறட்டம்மா மூட்டையை விட்டு நகராமலே உள்ளே கைவிட்டு இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அதுவும் காய்ந்துதான் இருந்தது. கொழுந்தன் தொண்டையைச் செருமினான். மூன்றாவதைப் புருஷன் தட்டினான். தகடு வாய் திறந்ததும் உள்ளே கறுத்துக் கிடந்த நார் தெரிந்தது. விரலால் அழுத்தினான். ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, இருக்கிற கண்ணால், வெகு நேரம் பார்த்தான்.

"இவ்வளவுதானா?" என்றான்.

"இவ்வளவுதான்" என்றாள் அவள். கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கக் கையை எடுத்தவள், கையுறையில் ஈயத் தூள் இருப்பது ஞாபகம் வந்து அப்படியே விட்டாள்.

கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏதோ ஒண்ணு ரெண்டுல இருக்கும்ணே. படகுக்காரங்க காத்துக்கிட்டு..."

"எந்த ஒண்ணு ரெண்டு? வெளிய தெரியுதாடா உனக்கு?" புருஷன் குரல் உயரவில்லை. அண்ணன் இப்படிப் பேசிக் கொழுந்தன் கேட்டதேயில்லை. "படகு நிக்கட்டும். நிக்காதுன்னா பழைய குண்டோட போகட்டும். நாலு மீன் குறைஞ்சா யாரும் குருடாயிட மாட்டாங்க. அங்க இன்னொரு உளி கிடக்கு பாரு. எடுத்துட்டு வந்து உக்காரு."

"நானா?"

"மூட்டையைக் கொண்டுவந்தது யாரு?"

கொழுந்தன் உட்கார்ந்தான். வறட்டம்மா எழுந்து மூட்டையின் வாயை அவிழ்த்து இரண்டு பேருக்கும் நடுவில் கவிழ்த்தாள். மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் தட்டத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டுத் தையல்காரி மதில் மேல் தலையை நீட்டினாள். துணி துவைத்துக்கொண்டிருந்தாள் போல, மதிலைப் பிடித்த கையிலிருந்து தண்ணீர் வடிந்தது. "என்ன இது, இன்னிக்குக் குடும்பமே பேன் பாக்குதா?" என்று சிரித்தாள்.

வறட்டம்மா புருஷனைப் பார்த்தாள். வழக்கமாக எழுந்து உள்ளே போகிறவன் எழவில்லை. தழும்பு ஓடிய முகத்தை நிமிர்த்தித் தையல்காரியை நேராகப் பார்த்தான்.

"ஆமா. ஒரு பேனு என் கண்ணைத் தின்னுடுச்சு. இன்னொண்ணு தின்னாம பாத்துக்கிறோம்" என்றான். பிறகு அடுத்த சுருளை எடுத்துக் கல்லில் வைத்தான். "நீ முதல்ல கையைத் துடைச்சுட்டுப் பேசு."