கடைசி நிறம் கறுப்பு

நான் அச்சிடும் படங்களை யாராலும் படிக்க முடியாது. படிப்பதற்காக அவற்றைச் செய்வதும் இல்லை. ஒரு பிரார்த்தனைச் சொல்லை மரக்கட்டையில் செதுக்கி, ஒரே தாளில் நிறம் நிறமாக, சற்றுத் தள்ளித் தள்ளி அச்சடிப்பேன். எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கடைசியில் வளைவுகள்தான் மிஞ்சும். "கோழி கிறுக்கின மாதிரி இருக்குடி" என்பாள் அக்கா. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் எந்த நிறம் போடலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

அக்காவின் கணவரான மாமா இறந்துபோன பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். பட்டறையில் அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுவது அவள் வேலை. சாப்பிட்டாள், தூங்கினாள், என்னைக் கிண்டல் செய்தாள். ஆனால் அழவே இல்லை, ஒரு சொட்டுக்கூட. கும்பிடுவதையும் விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று காலை, மூன்று நிறம் ஏறிக் காய்ந்திருந்த தாளை மேசையில் விரித்தேன். மாமா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் செதுக்கத் தொடங்கிய கட்டையின் அச்சு அது. பாதியில் விட மனம் வரவில்லை. சக்கரத்தில் கை வைத்தபடி எட்டிப் பார்த்தவள், "காப்பாய்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் படிக்காததை இவளா படிக்க வேண்டும்?

"எப்படிக்கா?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல ராத்திரி பகலா இதைத்தானே சொல்லிட்டிருந்தேன்." குரல் ஏறவே இல்லை. "மேல கறுப்பு போடு. முழுசா."

இன்னும் ஒரு நீலம்தான் பாக்கி. அதோடு படம் முடிந்திருக்கும். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். இவள் சொன்னதால் செதுக்காத வெறும் கட்டையை எடுத்து உருளையால் கறுப்பு மை தடவினேன். அக்கா சக்கரத்தைச் சுற்றினாள். தாளை உரித்தெடுத்தால் ஒரே இருட்டு.

அவள் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். சாய்ந்த வெளிச்சத்தில், அடியில் காய்ந்திருந்த மையின் தடிப்பெல்லாம் கறுப்புக்குள் மேடு மேடாக எழுந்து நின்றது. சொல் எங்கள் இருவர் கண்ணுக்கும் மொத்தமாகத் தெரிந்தது. போச்சுடா, மறையவில்லையே என்று நினைத்தேன்.

"போகல பாரு" என்றாள். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"வேணாம்க்கா, குடு. கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காதே. காஞ்சதும் என் ரூம்ல மாட்டு. நான் இதுகிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு."