ஒரு முழம் புகைக்குழாய்

பழைய வீடுகளைப் பாதுகாக்கும் பகுதி என்று அந்தத் தெருவை அறிவித்த நாளிலிருந்து, அங்கே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மனுப் போட வேண்டும். கொல்லையில் இன்னொரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம். ஆனால் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு அதில் ஒரு செங்கல்கூடத் தெரியக் கூடாது. இந்த ஒரு வரியை விதிப் புத்தகம் மூன்று பக்கத்துக்குச் சொல்கிறது.

கொல்லை வீடு அக்காவுக்காக. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், குவார்ட்டர்ஸில் தனியாகவே காலம் தள்ளியவள். இரவு டியூட்டி முடித்து விடிகாலையில் வந்து முட்டை பொரித்துச் சாப்பிடுவாள். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற அன்றே தம்பி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். தானாடாவிட்டாலும் தசையாடும் அல்லவா? அப்பா இருவர் பேரிலும் எழுதிவைத்த வீடுதான். ஆனால் சமையலறை தம்பி மனைவியுடையது. அவள் கெட்டவள் இல்லை, நாத்தனாருக்குச் சூடாகத்தான் பரிமாறுவாள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் ஒரு கத்தி ஆறு வருஷமாகக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தது.

ஒரு டீ வேண்டுமென்றாலும் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அதுதான் அக்காவுக்கு ஆறவே இல்லை. சொந்தமாக ஓர் அடுப்பு வேண்டும் என்று கொல்லை வீட்டுப் பேச்சை எடுத்ததே அவள்தான்.

அடுப்பு இருந்தால் புகைக்குழாய் கூரைக்கு மேல் ஒரு முழம் நிற்க வேண்டும் என்பது தீயணைப்புத் துறையின் விதி. ஒரு துறை நீட்டு என்றது, இன்னொரு துறை காட்டாதே என்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அக்காவின் டீ.

கட்டப்போகும் வீடு தெருவிலிருந்து தெரியுமா என்று பார்க்கும் சோதனை நாள் வந்தது. கூரையின் உயரத்துக்கு ஒரு கம்பும், குழாயின் உயரத்துக்கு ஒரு கம்பும் நட்டு, உச்சியில் துணி கட்ட வேண்டும். வரைபடம் போட்டவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். மரத்து இலையோடு கலந்து போகட்டும் என்று பச்சைத் துணியாகக் கட்டிவைத்திருந்தார்.

"நான் சோதனை பண்ண வந்தேனா, கண்ணாமூச்சி ஆட வந்தேனா?" என்று கேட்ட அதிகாரி, தன் பையிலிருந்தே சிவப்புத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

நடைபாதையில் மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். முதல் இரண்டு கோட்டில் நின்று பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. மூன்றாவது, தெருமுனைக் கோடு. அங்கிருந்து பார்த்தால் வீட்டு ஓடுகளுக்கு மேலே சிவப்புத் துணி ஒன்று ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

"கூரை தெரியல. குழாய்தான் தெரியுது" என்றார் அதிகாரி. "அடுப்பை எடுத்துடுங்க. வெறும் அறைன்னு மாத்தி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா, இப்பவே அனுமதி தரேன். இல்லேன்னா அடுப்பைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளிப் புதுசா மனுப் போடணும். எட்டு மாசம் ஆகும். அப்பவும் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"இவ்வளவுதானா சார்!" தம்பிக்கு முகமெல்லாம் பல். "அடுப்பு எதுக்கு? எங்க அக்கா எங்களோட சாப்பிடுவாங்க." தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காகிதத்தையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினான்.

அக்கா வாங்கினாள், படித்தாள், பேனாவை மூடினாள்.

"அறை எனக்கு ஏற்கெனவே இருக்குடா."

"என்னக்கா இது, கைக்கு எட்டினதை வேண்டாங்கிறே? உனக்கு என்ன குறை? ஒரு வார்த்தை கேட்டா செஞ்சு தர மாட்டோமா?"

"தருவீங்க. ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட இல்லேன்னு சொன்னதில்ல. ஆனா கேக்கணுமேடா."

தம்பிக்கு விளங்கவில்லை. அவன் மனைவிக்கு விளங்கியது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அக்கா காகிதத்தை அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்து, புது மனு எங்கே வாங்க வேண்டும் என்று விசாரித்தாள். அறுபத்தாறு வயதில் எட்டு மாதம் சின்னக் கணக்கு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"அப்போ எட்டு மாசம் வரைக்கும்?" என்றான் தம்பி.

"அதுவரைக்கும் கேட்டுக் குடிக்கிறேன்."