அமாவாசைக் குழம்புக்கு உப்புப் போட்ட கை

எங்கூட்டுல மூத்த மருமக கைதான் குழம்புக்கு உப்புப் போடோணும். எளையவ காய் அரியலாம், மொளகா அரைக்கலாம், உப்புச் சாடியத் தொடக்கூடாது. பதினெட்டு வருசமா அந்தக் கை என்னோடது. கோவிந்தாபுரத்துல எங்க காட்டுக்குக் கடலக்காய் பறிக்க வர்ற ஆளுக, கருப்பாத்தா வெச்ச குழம்புன்னா ரெண்டாந்தரம் சோறு கேப்பாங்க.

எழுவத்தஞ்சாம் வருசத்துல எனக்குக் காலு வீங்கி, தலை கிறுகிறுன்னு வந்துருச்சு. கொல்லங்கோட்டு டாக்டரம்மா பாத்துட்டு, பிரஷரும் இருக்குது, சக்கரயும் இருக்குதுன்னாங்க. ரெண்டும் சேந்தா இருதயத்துக்கு ஆகாது, உப்பப் பாதியாக் கொறைன்னாங்க. தலையாட்டிட்டு வந்து எப்பவும் போலத்தான் போட்டேன். கை கேக்கோணுமில்ல! எங்கூட்டுக்காரரு மாரப்பன் ரெண்டு நாளு பாத்தாரு. மூணா நாளு தம்பியக் கூப்புட்டு, "காளிச்சாமி, இனி உன்ற பொண்டாட்டி உப்புப் போடட்டும்"னுட்டாரு.

என்ற வயிறு எரிஞ்சுது பாருங்க! அந்தக் கமலாத்தா வந்து மூணு வருசங்கூட ஆகல. சப்புன்னு ஒரு குழம்பு வெப்பா. அதையும் எல்லாரும் வாய மூடிட்டுத் தின்னாங்க. ரெண்டு மாசம் ஆச்சு, கருப்பாத்தா கைப்பக்குவம் இல்லியேன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா? ம்ஹூம்.

ஆடி அமாவாசை வந்துச்சு. அன்னிக்குக் காக்காய்க்குச் சோறு வெக்காம யாரும் நாக்குல வெச்சுப் பாக்கக்கூடாது. மொச்சக்கொட்டைக் குழம்ப எறக்கி வெச்சுட்டு அவ எலை அறுக்கப் போனா. நான் ஒரு கை கல்லுப்ப அள்ளிப் போட்டுக் கலக்கிட்டேன். இன்னிக்கு நாறட்டும் அவ பேருன்னு சுவத்துல சாஞ்சு நின்னேன்.

காக்காய்க்கு வெச்சாச்சு. ஆம்பளைங்க உக்காந்தாங்க. எங்கூட்டுக்காரரு முதல் வாய் வெச்சுட்டுத் தலைய நிமித்துனாரு. துப்பப் போறாருன்னு பாத்தா, "அடடா! பழைய ருசி வந்துருச்சு. புள்ள நல்லாக் கத்துக்கிட்டா"ங்கறாரு! காளிச்சாமி இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்றான்.

எனக்குப் பொறுக்குமுங்களா? "ஏனுங்க, அது என்ற கை! நான் போட்ட உப்பு!"ன்னு கத்திப்போட்டேன்.

எல்லாரு கையும் எலையிலயே நின்னு போச்சு. கமலாத்தா வெரல்ல தொட்டு நாக்குல வெச்சா. அவ மொகம் சுருங்குச்சு.

"அக்கா, இத்தன உப்பையா பதினெட்டு வருசமாத் தின்னீங்க?"

ஏசுவான்னு பாத்தேன். குத்திக்காட்டுவான்னு பாத்தேன். அவ கண்ணுல பொலபொலன்னு தண்ணி கொட்டுது. "எங்களுக்கு நீங்க வேணுமுங்கக்கா"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா.

எங்கூட்டுக்காரரு என்னைய விட்டுட்டு அவளையே பாத்தாரு. "பாரு, உனக்காக எப்படி அழுவறா"ன்னாரு.

எனக்காக அழுவறதுலயும் அவதான் முந்திக்கிட்டா.