வாசல் இல்லாத பள்ளிக்கூடம்

பேய் வீடியோ எடுத்துப் போட்டுப் பிழைப்பவன் அவன். தெரிந்தவர்களுக்கெல்லாம் 'கேமரா'. கூட விளக்குப் பிடிக்க மனைவியின் தம்பி.

கிராமத்தில் கைவிடப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்று கிடக்கிறதென்று கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே மதில். சுற்றிச் சுற்றி வந்தும் வாசலைக் காணோம்.

"வாசலே கிடையாதுங்க," என்றாள் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண். "மேலத்தெரு ஆளுங்க வாசல் எங்க பக்கம்தான்னாங்க. கீழத்தெரு விடுமா? முடிவாகற வரைக்கும் இருக்கட்டும்னு சுத்திலும் மதிலைக் கட்டிட்டாங்க."

"அப்ப பசங்க எப்படிப் படிச்சாங்க?"

"ஏணி போட்டுத்தான். ஹெட்மாஸ்டர் காலைல மேலத்தெருப் பக்கமா ஏறுவாரு, சாயங்காலம் கீழத்தெருப் பக்கமா இறங்குவாரு. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதில்ல? ஒருநாள் மழையில வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு. மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாரு. மதில் ஏறத் தெரிஞ்ச வாத்தியார் வேற யாரும் கிடைக்கல."

அவள் வீட்டு ஏணியை வாங்கித்தான் உள்ளே இறங்கினார்கள். பேய் குடியிருக்கும் லட்சணமே அங்கில்லை. யாரும் நுழைய முடியாததால் பெஞ்சுகள் வரிசை கலையாமல் இருந்தன. கரும்பலகையில் பாதியில் நின்ற வகுத்தல் கணக்கு. உலக உருண்டைக்குள் மட்டும் குளவி கூடு கட்டியிருந்தது.

"மாமா, திரும்பிடலாமா?"

"சாக்பீஸ் பொடியை மூஞ்சில பூசிக்கோ. நொண்டிக்கிட்டே நட."

'கால் ஒடிந்து செத்த தலைமையாசிரியரின் ஆவி' என்ற வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒருநாள் போன் வந்தது.

"தம்பி, ஆவி பேசறேன். டவுன் பள்ளிக்கூடத்துல உசுரோடதான் இருக்கேன். எனக்கு உடைஞ்சது இடது கால். உங்க ஆளு வலது காலை நொண்டறான். அது கிடக்கட்டும்... அந்தக் கணக்கு அப்படியே இருக்கா?"

"இருக்கு சார்."

"நாளைக்கு முடிக்கலாம்னு பசங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்."

கேமராவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றே வீடியோவை நீக்கிவிட்டான். அதற்குள் ஆளாளுக்கு நகலெடுத்துப் போட்டிருந்தார்கள்.

பேய் பார்க்கக் கூட்டம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. தங்கள் பக்கமாக நுழைந்தால் கடை கண்ணி போடலாமே என்று மேலத்தெரு ஒரே ராத்திரியில் மதிலை இடித்து வாசல் வைத்தது. மறுநாள் கீழத்தெருவும் வைத்தது. அடிதடி ஏதும் இல்லை.

இரண்டு வாசலைப் பார்த்த கல்வி அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "இனி பள்ளிக்கூடத்தைத் திறந்துடலாமே! பழைய ஹெட்மாஸ்டரும் வரேங்கறாரு."

இரண்டு தெருவும் முதல் தடவையாகத் தோளோடு தோள் நின்று அவரை மறித்தன.

"உசுரோட வாத்தியார் வந்து உட்கார்ந்தா, செத்த வாத்தியாரைப் பார்க்க எவன் சார் வருவான்?"

அதிகாரி வந்த வண்டியிலேயே திரும்பினார். பிள்ளைகள் வழக்கம்போல டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு தெருவும் சேர்ந்து, நொண்டி நடக்க ஆள் வேண்டுமென்று மச்சினனை நிரந்தரமாக வைத்துக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருக்கிறான்.