கத்திரி இல்லாத மேடை

மார்ச் பதினான்காம் தேதி மாலை ஐந்து மணிக்கு, பேருந்து நிலையத்தை ஒட்டிய திடலில், நகர வானொலியில் பதினொரு வருடம் நேயர்களோடு பேசிவந்தவர் வேட்பாளராக முதல் முறை மேடை ஏறினார். ஊருக்கே அவர் அண்ணன்.

அத்தனை வருடமும் வானொலி நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுக்காரி முன்வரிசையில் நின்றாள். அண்ணன் பேசுவது ஏழு விநாடி கழித்துத்தான் வானொலியில் கேட்கும். அதற்குள் ஒரு பொத்தானை அழுத்தி, கூடாததை அவள் வெட்டிவிடுவாள். அதனால் அவளுக்குக் கத்திரி என்று பேர். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, ஓரக்கண்ணால் அவள் விரலைப் பார்ப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. "நாக்கு என்னுது, பிரேக்கு இவளுது" என்று கேண்டீனில் சொல்லிச் சிரிப்பார்.

சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மாதம் ஒருமுறை நிகழ்ச்சிக்குப் போனில் கூப்பிடுவாள். விடியுமுன் கழிவை ஆற்றில் திறந்துவிடுவதைச் சொன்னது அவள்தான். அண்ணன் அவள் வீட்டுக்கே போய்க் குழாய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவர். இணைப்பு கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள்.

"நான் யாருன்னு தெரிஞ்சிடாதில்லம்மா? புள்ளைங்க இருக்கு."

"நான் இருக்கேன்ல அக்கா" என்பாள் கத்திரி. அவள் யாரென்று தெரியும்படி அண்ணன் நான்கு முறை உளறினார். நான்கும் வெளியே போகவில்லை.

மேடையில் அவர் ஆற்றைப் பற்றிப் பேசினார். கூட்டம் கடலை கொறித்துக்கொண்டிருந்தது. குரலை ஏற்றினார்.

"நானா சொல்றேன்? பட்டறை கேட்டுக்கு எதிர்ல, பச்சைக் கதவு வீட்டு அக்கா சொல்லுச்சு. உள்ளேயே வேலை பாக்குது. அது பொய் சொல்லுமா?"

கத்திரியின் கட்டைவிரல் தானாக அழுந்தியது, கைப்பையின் வாரில். அவர் வழக்கம்போல் ஓரக்கண்ணால் அவளைத் தேடினார். அவர் முகம் வெளிறியிருந்தது. அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

அதற்குள் கைதட்டல் எழுந்தது. திடலின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டபடி நின்றார். பிறகு, அவள் நின்ற பக்கம் திரும்பாமல், பச்சைக் கதவை இன்னொரு தடவை சொன்னார்.

இறங்கி வந்ததும், "வாய் தவறிடுச்சு கத்திரி" என்றார்.

"முதல் தடவை மட்டுந்தாண்ணே" என்றாள் அவள்.

மறுநாள் அந்தப் பெண்ணைப் பட்டறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் அவள் கணவனைப் பாலத்தடியில் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது; கால்கள் இரண்டும் முறிந்திருந்தன.

அண்ணன் நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெற்றி ஊர்வலம் பட்டறைத் தெரு வழியாகப் போனது. எதிர் வீடு காலியாகக் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கதவுக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.